தவறி வருகிறவர்கள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகுவலியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நான் நலம். நீயும் அத்தானும் என் மருமகள் வாலுவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் அதை முதலில் எழுது.

"கடை வேலைய விட்டுட்டு ரூமுக்குள்ள உக்காந்து என்னடா பண்றே?" என்று போனில் கேட்டாய். உன்னிடம் இருப்பது எதிர்வீட்டுத் தையல்காரியின் போன். நீ கேட்டதும் அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டது இங்கே வரை கேட்டது. அதனால்தான் நல்ல வேலை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இனி எதுவானாலும் கடிதத்தில் பேசுவோம்.

கம்ப்யூட்டரில் ஒரு கம்பெனியைத் தேடுகிறவர்கள் அதன் முகவரியை அடிப்பார்கள். அவசரத்தில் விரல் பக்கத்துப் பட்டனில் விழும். ஓர் எழுத்து விட்டுப்போகும், ஓர் எழுத்து இரண்டு தடவை வரும். அந்தத் தப்பு முகவரிக்குச் சொந்தக்காரர் கிடையாது. வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நான் வாங்குகிறேன். அங்கே கடையும் இல்லை, சரக்கும் இல்லை. ஒரே ஒரு பக்கம், அதில் வரிசையாக விளம்பரம். தவறி வந்தவர் ஏதாவது ஒன்றை அழுத்தினால் எனக்குக் காசு. யாரையும் நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவர்களாக வருகிறார்கள், அவர்களாக அழுத்துகிறார்கள்.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. நானாக யோசித்து உண்டாக்குகிற தப்புக்கு ஆளே வருவதில்லை. கை தானாகச் செய்கிற தப்புதான் வேண்டும். பத்து வருடம் கடையில் பில் அடித்த என் கையோ தப்பே செய்ய மாட்டேன் என்கிறது. வாலு பிரவுசிங் சென்டரில் டைப்பிங் பழகுகிறாள் என்று எழுதியிருந்தாயே, இத்துடன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெயரையும் பல தடவை, வேகமாக, திரையைப் பார்க்காமல் அடிக்கச் சொல். எதையும் திருத்தக் கூடாது. அப்படியே அச்செடுத்து அனுப்பு. சென்டர் செலவுக்குத் தனியாகப் பணம் அனுப்புகிறேன்.

அத்தானிடம் விவரம் வேண்டாம். அவருக்கு என் பேச்சே ஆகாது.

உன் அன்புத் தம்பி

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் அத்தானுக்குப் பேக்கரியில் இரவு ஷிப்ட், பகல் முழுவதும் குறட்டை. உன் முதுகுக்கு என்ன செய்கிறாய்? எண்ணெய் தேய்த்துவிட ஓர் ஆளைக் கட்டிக்கொள் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன்!

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஊரெல்லாம் தப்பு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறது, நீ தப்பு செய்து அனுப்பச் சொல்கிறாய். அம்மா போன பிறகு உனக்குச் சோறு ஊட்டியவள் நான். அதனால்தான் காதில் பூ சுற்றுகிறாய் என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் மருமகளுக்கோ ஒரே குஷி. "திருத்தவே வேணாமாம்மா? இப்படி ஒரு பரீட்சை வைக்க மாட்டாங்களா?" என்று சிரித்துக்கொண்டே அடித்துத் தள்ளியிருக்கிறாள். இத்துடன் காகிதங்கள் இருக்கின்றன.

ஒன்றே ஒன்று. உன் பட்டியலில் வங்கி, பஸ் கம்பெனி, செருப்புக் கம்பெனிகளுக்கு நடுவில் அந்தப் பெண்கள் நர்சிங் கல்லூரியும் இருக்கிறது. அவள் சேர ஆசைப்படுகிற இடமே அதுதான். அதை மட்டும் அடிக்காதே என்றேன், கேட்காமல் அதையும் அடித்துவிட்டாள். அதை நீ தொடாதே. வங்கிக்காரன் ஏமாந்தால் ஏமாறட்டும், படிக்கப் போகிற பிள்ளைகள் பாவம்.

வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். அங்கே ஹாஸ்டலும் படிப்பும் இலவசம், வேறு எங்கே சேர்க்கவும் எங்களுக்கு வக்கில்லை. அத்தான் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த வருஷம் சீட் கெடச்சா படிக்கட்டும். இல்லன்னா முதலாளி தம்பிக்கே பேசி முடிச்சிடலாம்" என்கிறார். முதலாளி தம்பிக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது. முதல் பெண்டாட்டி அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறார், அந்தப் பேக்கரி முதலாளிக்கு அவ்வளவு கடமைப்பட்டிருக்கிறார்.

அத்தான் கையில் தட்டு சுட்ட புண்ணுக்குத் தினமும் அவள்தான் கட்டுப் போடுகிறாள். டாக்டரே "யாரும்மா இதைக் கட்டுனது?" என்று கேட்டார். இரண்டு நாள் தரையில் கால் படாமல் திரிந்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

காகிதங்கள் கிடைத்தன, நானும் நலமே. வாலுவின் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும். அவள் விரல் தடுமாறுகிற இடத்தில்தான் ஊரின் விரலும் தடுமாறுகிறது போலிருக்கிறது. அவள் தப்புகளில் ஒன்றிரண்டை வாங்கிப் போட்டேன், மறுநாளே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அச்சுதான். மேலே ஒரு பச்சைப் பட்டை, அதில் "நீங்கள் தேடியது கீழே" என்று ஒரு வரி. கீழே விளம்பரங்கள். அந்த வரி என் சொந்தச் சரக்கு. அதைப் படித்தவர்கள் நகரவே மாட்டார்கள். முதல் விளம்பரத்தைத்தான் அழுத்துவார்கள். மனிதர்களுக்கு இரண்டாவதைப் படிக்கப் பொறுமை கிடையாது.

கல்லூரி பற்றிக் கவலைப்படாதே. அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்க மாட்டேன். சொந்த மருமகள் சேரப் போகிற இடமாயிற்றே.

ரூமுக்குக் கீழே சலவைக் கடை. நாள் முழுக்க நீராவி மேலே வருகிறது, சட்டையெல்லாம் நனைந்துவிடுகிறது. இப்போது இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். மே, ஜூன் இரண்டும் எனக்கு நல்ல சீசன். அந்த நேரத்தில் பதில் போட நாளானால் கோபித்துக்கொள்ளாதே.

அத்தான் கைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது.

தம்பி

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கிற நிதானம்கூட எனக்கு இல்லை, அவ்வளவு சந்தோஷம். உன் மருமகள் மார்க் வாங்கிவிட்டாள். தெருவில் அவளுக்கு மேல் ஒருத்தியும் இல்லை. தையல்காரியின் பெரிய மகளும் அதே பரீட்சைதான், அவள் இரண்டு படி கீழே. தையல்காரி "பாஸானா போதாதா?" என்று சிரித்தாள். வயிறு எரிந்திருக்கும், எரியட்டும்.

நேற்று கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. தையல்காரி பஸ் ஏறிப்போய்க் காகித விண்ணப்பம் வாங்கி வந்தாள். எங்களுக்கு எதற்கு அந்த அலைச்சல்? பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. விண்ணப்பக் கட்டணத்துக்கு டிராஃப்ட் எடுத்து, அதில் போட்டிருந்த முகவரிக்கு அனுப்பினோம். ரசீதும் கம்ப்யூட்டரிலேயே வந்துவிட்டது. என் மோதிரத்தை விற்றுத்தான் கட்டினேன், அதைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

நீ இதே வேலையில் இருக்கிறவன். எல்லாம் சரியாகப் போயிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்து எழுது. கடைசி நாள் இருபத்தெட்டு. ஏதாவது கோளாறு என்றால் நானே நேரில் போய் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அக்கா

மாமா, நான் வாலு. அம்மா உறையை ஒட்டுவதற்குள் எழுதுகிறேன். ஒரு சின்னச் சந்தேகம். போன மாதம் தோழி வீட்டில் பார்த்தபோது கல்லூரிப் பக்கத்தில் கட்டடப் படம் இருந்தது. நேற்று படம் எதுவும் இல்லை, ஒரு பச்சைப் பட்டைதான் இருந்தது. அதன் கீழே முதலில் இருந்ததை அழுத்தினேன், விண்ணப்பம் வந்தது. பக்கத்தை மாற்றியிருப்பார்களோ? அம்மாவிடம் சொன்னால் பதறுவாள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். உன் கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. உடனே எழுதியிருக்க வேண்டும். சீசன் நேரம், கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. முதுகு வேறு.

வாலு வாங்கிய மார்க்கை சலவைக் கடைக்காரரிடம் சொன்னேன், வாயைப் பிளந்துவிட்டார். நம் குடும்பத்தில் இப்படி ஒருத்தி!

விண்ணப்பத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அவர்கள் அடிக்கடி பக்கத்தை மாற்றுவார்கள், அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்று வாலுவிடம் சொல். இந்த மாதிரி இடங்களில் பதில் வர நாளாகும். நேரில் போய் நின்றால் அவர்களுக்குப் பிடிக்காது. கடிதம் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

மோதிரம் போனால் என்ன, இந்த மாதம் எனக்கு நல்ல வரவு. உனக்கு ஒன்று வாங்கித் தருகிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

தையல்காரி மகளுக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. நமக்கு வரவில்லை. நீ பொறுமையாக இரு என்றாய், இருந்தேன். வகுப்பே தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அங்கிருந்த கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இது எங்க ரசீதே இல்லம்மா. நீங்க வேற எங்கயோ போய் மாட்டியிருக்கீங்க" என்றார். வராந்தாவில் என்னைப் போலவே அதே ரசீதோடு ஒரு கூட்டம். ஒருத்தி மகளைக் கூடவே அழைத்து வந்திருந்தாள். அந்தப் பிள்ளை அழக்கூடத் தெரியாமல் நின்றது.

அவர் கம்ப்யூட்டரில் காட்டினார். முகவரியில் விரல் தவறியிருக்கிறதாம். தவறினால் வேறு எவனோ வைத்திருக்கிற பக்கத்துக்குப் போகிறதாம், அங்கிருக்கும் விளம்பரம் வழியாக ஒரு மோசடிக் கும்பலிடம் போகிறதாம். உன் தொழில்தான். நீ தொடமாட்டேன் என்று எனக்கு எழுதிக் கொடுத்தாய், நீ சொன்ன வார்த்தையில் நிற்பவன். உன்னைப் போல இன்னொருத்தன் வாங்கியிருக்கிறான். அவன் கை விளங்காமல் போகட்டும். அவன் சாப்பிடுகிற ஒவ்வொரு கவளமும் அவன் தொண்டையில் நிற்கட்டும். நீயும் என்னோடு சேர்ந்து அவனைச் சபி.

வீட்டுக்கு வந்து அவளை அறைந்துவிட்டேன். "என் கைதாம்மா தப்பு" என்று மட்டும் சொன்னாள். தையல்காரி வாசலில் நின்றுகொண்டு, "கம்ப்யூட்டர்ல போனவங்களுக்கு இன்னும் வரலியா?" என்று சத்தமாகக் கேட்கிறாள். கல்லூரியில் அடுத்த வருடம் இவளுக்கு வயது தாண்டிவிடும். அத்தான் முதலாளி வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டார்.

அவளை அந்த ஆளிடம் கொடுக்க மாட்டேன். ஒரு வருடம் மாமாவிடம் வேலை பார்த்துச் சம்பாதித்துக் கொடுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அத்தானிடம் சண்டை போட்டு வைத்திருக்கிறேன். அவளை உன்னிடம் அனுப்பட்டுமா? எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா

ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மனதைத் தேற்றிக்கொள். உடம்பைக் கவனி. நடந்தது நடந்துவிட்டது, யாரைச் சபித்து என்ன ஆகப் போகிறது? அந்தப் பக்கத்தை வைத்திருப்பவனுக்கு, தன் பக்கத்தில் எந்த விளம்பரம் வருகிறது என்றே தெரிந்திருக்காது. அதையெல்லாம் விளம்பரக் கம்பெனிதான் போடுகிறது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

வாலுவைத் திட்டாதே. விரல் அப்படித்தான்.

தாராளமாக அனுப்பு. எனக்கும் ஓர் ஆள் தேவைப்படுகிறது. மாடியிலேயே பக்கத்து அறையை அவளுக்காக எடுத்துவிட்டேன், கீழே சலவைக் கடை அம்மா துணைக்கு இருக்கிறார். அவள் வருவதற்குள் எல்லாப் பக்கங்களுக்கும் புது வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பச்சை பழசாகிவிட்டது, இப்போது நீலம்.

இத்துடன் கொஞ்சம் பணம். மோதிரத்துக்கு.

தம்பி

அக்டோபர் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். மாமாவும் நலம், முதுகுவலி உட்பட. உனக்கு மூட்டுவலி எப்படி? அப்பா கையில் இன்னும் ஆறாத புண்ணுக்கு யார் கட்டு மாற்றுகிறார்கள்? நனைந்த துணியை வைத்துக் கட்டாதே, சீழ் பிடிக்கும்.

மாமா என்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார். நான் எழுவதற்குள் டீ வாங்கி வைத்துவிடுகிறார். செருப்பு வாங்கித் தந்தார், இரண்டு சுடிதார் வாங்கித் தந்தார். நான் கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும், "என்னம்மா, என்ன வேணும்? மாமா இருக்கேன்ல" என்று பதறிவிடுகிறார். இவ்வளவு பிரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சில சமயம் எதற்கு இவ்வளவு என்று தோன்றுகிறது.

வேலை பிடிபட்டுவிட்டது. காலையில் எந்த முகவரிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு மாதம் ஆள் வராத பெயரைத் தூக்கிவிட வேண்டும். கெடு முடிகிற பெயர்களுக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், அந்தப் பொறுப்பை முழுசாக என்னிடம் விட்டுவிட்டார். கையால் அடித்துப் பார்த்துப் பெயர் பிடிப்பதும் நான்தான். "உன் கைக்கு வர்ற மாதிரி எனக்கு வராதும்மா" என்கிறார். என் கையால் எனக்கு ஆனதை நினைத்துக்கொண்டே அடுத்த பெயரை அடிக்கிறேன்.

கல்லூரிகள் வரிசையை மட்டும் அவரே பார்த்துக்கொள்கிறார். அது சிக்கலான வேலை, நான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாமாம்.

உன் மகள்

ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். இதை நீ தனியாக இருக்கும்போது படி.

ஒரு பெயரை வாங்குகிறவர் தன் பெயரையும் விலாசத்தையும் பதிவு செய்ய வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் கேட்டுப் பார்க்கலாம். தொழிலில் தினமும் செய்கிற வேலை இது, ஒரு பெயர் காலியா இல்லையா என்று பார்க்க. போன மாதம் மாமா பல் பிடுங்கப் போயிருந்தபோது நான் கல்லூரியின் முகவரியை அடித்தேன், கண்ணை மூடிக்கொண்டு, வேகமாக. கை எங்கே போகிறதோ போகட்டும் என்று விட்டேன். அதே தப்பு வந்தது. நீலப் பட்டைப் பக்கம் ஒன்று திறந்தது. அதன் சொந்தக்காரர் யார் என்று கேட்டேன். நீ ஒவ்வொரு கடிதத்தின் உறையிலும் எழுதுகிற விலாசம் வந்தது அம்மா, சலவைக் கடை மாடி என்பது வரை.

நான் உனக்கு அடித்துக் கொடுத்த காகிதம் இங்கே வந்து சேர்ந்த வாரமே வாங்கியிருக்கிறார். என் தப்பை என்னிடமே வாங்கி, எனக்கே வைத்திருக்கிறார். அது தெரியாமல் நடந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் ஜூனில் நான் அவரிடம் பச்சைப் பட்டை என்று எழுதிக் கேட்டேன். உனக்கு அந்த விவரம் முழுதாகத் தெரியாது. அவர் கடைசி நாள் முடிகிற வரை வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் அந்த ஒரு பக்கத்துக்கு வந்த வருமானத்தைப் பார்த்தேன். இரண்டாவது கம்ப்யூட்டருக்கு வாங்கிய கடன் அதில்தான் அடைந்திருக்கிறது.

அன்று முழுவதும் அழுதேன். மாமா வந்து பல்லைப் பிடித்துக்கொண்டே "தலைவலியா கண்ணு?" என்று கேட்டு மாத்திரை கொடுத்தார். அதை வாங்கி விழுங்கினேன்.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் காலில் விழுவார், அழுவார், இன்னொரு செருப்பு வாங்கித் தருவார். அதற்குப் பதிலாக, கெடு முடிகிற பெயர்களை நான் புதுப்பிக்காமல் விட்டுக்கொண்டிருக்கிறேன். கெடு தாண்டி அவை காலியாகிற நிமிடத்தில் என் பெயரில் வாங்கிவிடுகிறேன். நல்ல பெயர்களில் சில இப்போதே என்னுடையவை. கல்லூரிப் பெயருக்கு ஏப்ரலில்தான் கெடு, அதற்கும் பணம் கட்டுகிறவள் நான்தான், அதுவும் வரும்.

அதை மூடிவிடுவேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மூடினால் வேறு ஒருவன் வாங்குவான். அதன் முகவரியைக் கீழே தனி வரியில் எழுதியிருக்கிறேன், நான் சொல்வதை நம்பாவிட்டால் சென்டரில் போய்ப் பார்.

உன் மகள்

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவது பழக்கத்தால். வெகு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. என்மேல் ஏதாவது வருத்தமா? வாலு உனக்கு ஏதாவது எழுதினாளா?

அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. கெட்டிக்காரிதான், ஆனால் பெரிய கைகாரி. என் பெயர்கள் பல கைமாறிவிட்டன. எப்படி, யாரிடம் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. கேட்டேன். "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் மாமா" என்று சிரிக்கிறாள். இப்போது காலையில் டீ வாங்கப் போகிறவனும் நான்தான், அவள் எழுதிக் கொடுக்கிற வேலையைச் செய்கிறவனும் நான்தான். போலீசில் சொல்ல முடியுமா, உன்னிடம்தான் முழுசாகச் சொல்ல முடியுமா?

பெண்பிள்ளையை ரொம்ப நாள் வெளியே விட்டு வைப்பது நல்லதில்லை. கூப்பிட்டுக்கொள். பேக்கரி முதலாளி தம்பி அப்படி ஒன்றும் மோசமான இடமில்லை, ஆண் என்றால் கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும். கல்யாணச் செலவு என்னுடையது.

தம்பி

மே 30

அன்புள்ள மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா கை ஆறிவிட்டது. நீ மாதாமாதம் அனுப்புகிற பணத்தைப் பார்த்த பிறகு முதலாளி தம்பி பேச்சை அவர் எடுப்பதில்லை.

நான் உனக்கு எழுதவே இல்லை. எப்படி எழுதுவது? அவனுக்கு நான் தலை வாரிவிட்டிருக்கிறேன். அவனிடமே அவனைச் சபிக்கச் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது. உன்னை அறைந்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் கடிதத்தில் நீ எழுதிய முகவரியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டேன். உன் மாமாவும் எழுதியிருந்தான், உன்னைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லி. அவள் அங்கேயேதான் இருப்பாள், நீ அவளுக்கு அடங்கி இரு என்று ஒரு கார்டு போட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தையல்காரி மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வெள்ளை உடையைத் துவைத்து என் வாசலுக்கு நேராகத்தான் காயப்போடுகிறார்கள். "உங்க பொண்ணு இன்னும் கம்ப்யூட்டர்தான் தட்டுதா?" என்று தையல்காரி போன வாரம் கேட்டாள். பாலுக்கு நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. நான் சிரித்துவைத்தேன்.

நேற்று அவளே வந்தாள். சின்ன மகளும் இந்த வருடம் அதே கல்லூரிக்குப் போடுகிறாள். இந்த வருடம் காகித விண்ணப்பமே கிடையாதாம், எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தானாம். அவளுக்கு அந்த வழி தெரியாது, காகிதத்தில் எழுதிப் போட்டுச் சேர்ந்த பெரியவளுக்கும் தெரியாது. எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். "போன வருஷ அட்ரஸ் உங்ககிட்ட இருக்கும்ல? ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றாள். நீ ஏமாந்த விவரம் அவளுக்கு என்ன தெரியும்? உனக்கு இடம் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

நான் வெட்டி வைத்திருந்ததைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சின்னவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல பிள்ளை. என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை, காலையில் போய்த் திருப்பி வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். வாசலைத் திறந்தால் எதிரே அந்த வெள்ளை உடை தொங்குகிறது. திரும்ப உள்ளே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சென்டருக்குப் போகிறார்களாம். கடைசி நாள் இந்த வருடமும் இருபத்தெட்டுதான். நான் செய்தது தப்பு என்று உனக்குப் பட்டால் உடனே ஒரு கார்டு போடு, ஏதாவது சொல்லித் திருத்திவிடுகிறேன். இல்லையென்றால் நீ பக்கத்தையாவது நிறுத்திவிடு. உன் இஷ்டம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா

ஜூன் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் மாமாவும் நலம். மாமாவுக்கு முதுகுப் பட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இப்போது அதிக நேரம் உட்கார முடிகிறது. உன் மூட்டுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் நம் ஊரிலிருந்து ஒருத்தி அந்தக் கல்லூரிப் பக்கத்துக்கு வந்தாள். எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று இங்கே திரையில் தெரியும். பக்கத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறாள். எல்லோரும் வந்தவுடன் அழுத்திவிடுவார்கள், இவள் பாவம், எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். கடைசியில் முதல் விளம்பரத்தைத்தான் அழுத்தினாள். அதில் எனக்கு வந்த காசுக்கு ஒரு டீகூடக் கிடைக்காது.

கடைசி நாள் நேற்று முன்தினம் முடிந்துவிட்டது. ஆகஸ்ட் வாக்கில் தையல்காரி கல்லூரிக்குப் போய்விட்டு அழுதுகொண்டு வருவாள். நீ போய்ப் பக்கத்தில் உட்கார். சின்னவளை அடிக்க விடாதே.

பிறகு பேச்சோடு பேச்சாகச் சொல், என் மகள் நல்ல நிலையில் இருக்கிறாள், சம்பளம் கொடுத்து ஓர் ஆள் தேடுகிறாள் என்று. இங்கே வேலை கூடிவிட்டது, மாமா ஒருவரால் முடியவில்லை. சின்னவளை அனுப்பச் சொல். அவளுக்கு ரூம் பார்த்துவிட்டேன்.

உன் மகள்